ஒன்றை அழுத்துங்கள்

ஜயதிலக்க தன் தகப்பனின் போனைக் கையால் தொடவில்லை. ஒரு சிரட்டைக்குள் போட்டு, மேலே இன்னொரு சிரட்டையைக் கவிழ்த்து மூடி, தேள் பிடித்தவன் மாதிரிக் கொண்டுவந்து என் கடைக் கண்ணாடிப் பெட்டியின் மேல் வைத்தான். பௌர்ணமிப் போயாவுக்கு முந்தின நாள் பின்னேரம். கச்சான் காற்று வீதியில் கிடந்த புழுதியையெல்லாம் அள்ளிக் கடைக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. அவனுடைய லேண்ட்மாஸ்டர் உழவு மெசின் ரோட்டோரத்தில் எஞ்சின் நிற்காமலே துடித்துக்கொண்டு நின்றது. அவசரமாகத்தான் வந்திருக்கிறான் என்று தெரிந்தது.

“என்ன மல்லி, உள்ளுக்க பாம்புக் குட்டியா?” என்று கேட்டேன்.

“அப்பாட போன்,” என்றான். “உடைச்சுப் போடுங்க நானா. இல்லாட்டி வித்துப் போடுங்க. எங்கட வீட்டுக்குத் திரும்பி வரப்படாது.”

உல்பத்வெவயில் இளசெல்லாம் எனக்கு மல்லி, தம்பி மாதிரி; எல்லாருக்கும் நான் நானாதான், அண்ணன் மாதிரி. சின்னப் பிள்ளைக்கும் நானா, பன்சலை விகாரையில் இருக்கிற கிழட்டுப் பிக்கு ஹாமுதுருவுக்கும் நானா. வாப்பா இந்த ஊருக்குப் புடவை விற்க வந்து அப்படியே குந்திவிட்டார். நான் போன் கடை போட்டேன். ரீலோட் போடுவது, சார்ஜர் விற்பது, தண்ணீருக்குள் விழுந்த போனை அரிசிக்குள் புதைப்பது என்று பொழுது போகிறது. சிங்கள ஊருக்குள் ஒற்றை முஸ்லிம் சோனகன் கடை. ஆனால் ஒரு நாளும் எனக்கு ஒரு குறையும் வந்ததில்லை. என் ரம்ஸீன் என்ற பெயரை அடையாள அட்டையைப் பார்த்தால்தான் எனக்கே ஞாபகம் வரும்.

மேல் சிரட்டையைத் தூக்கிப் பார்த்தேன். பட்டன் போன். அவன் தகப்பன் ஹீன்பண்டாவுக்கு நான்தான் விற்றது. முதுகுப் பக்கம் நெல்லுத் தூசி படிந்திருந்தது.

நேற்றுப் பின்னேரம் தன் கையாலேயே அதை நிப்பாட்டி வைத்ததாக ஜயதிலக்க சொன்னான். விடியக் காலையில் அது தானாக எழும்பி, வெளிச்சம் போட்டு, கத்தத் தொடங்கியதாம். தாய் படுக்கையிலிருந்து எழும்பி அதை நோக்கி ஓடினாளாம். செத்த போன் எப்படி எழும்பும் என்று அவன் கேட்டபோது அவனுடைய உதடு வெளுத்திருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்தப் பழைய பட்டன் போன்களுக்கு அந்தக் குணம் உண்டு. அலாரம் வைத்திருந்தால், நிப்பாட்டிக் கிடந்தாலும் நேரத்துக்கு எழும்பிக் கத்தும். மருந்துக் குளிசை குடிக்கிற நேரத்துக்கு அந்த அலாரத்தை வைத்துக் கொடுத்ததும் நான்தான். அவனுக்கு முன்னாலேயே அதைத் திறந்து காட்டி, அலாரத்தை அழித்தேன். அவன் சிரிக்கவில்லை.

“அலாரம் சரி,” என்றான். “அந்தப் பொம்பிள? அவ ஒவ்வொரு நாளும் அப்பாவப் பேர் சொல்லிக் கூப்பிடுறாளே, அத என்ன செய்யப் போறீங்க?”

நான் போனைத் திருப்பிச் சிரட்டைக்குள் வைத்தேன்.

எங்கள் பக்கத்தில் சிறுநீரக வருத்தம் இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். தண்ணீர் என்கிறார்கள், வயலுக்கு அடிக்கிற நஞ்சு என்கிறார்கள். எதுவென்று யாருக்கும் சரியாகத் தெரியாது. குடிக்கிற தண்ணீரைப் பில்டர் நிலையத்தில் கானில் பிடித்துச் சைக்கிளில் கட்டித்தான் கொண்டுவருகிறோம். ஆஸ்பத்திரி கிளினிக்காரர்கள் இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஏற்பாடு செய்தார்கள். வருத்தக்காரரின் போனுக்கு விடியக் காலையில் ஒரு பெண்குரல் வரும். பதிவு செய்து வைத்த குரல். ஆனால் அவரவர் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடும். “ஹீன்பண்டா மஹத்தயா, ஆயுபோவன். இன்றைய குளிசைகளைக் குடித்துவிட்டீர்களா? குடித்திருந்தால் ஒன்றை அழுத்துங்கள். குடிக்கவில்லை என்றால் இரண்டை அழுத்துங்கள்.” அவ்வளவுதான். பிறகு அந்தக் குரல் கொஞ்சம் பொறுத்திருக்கும். பட்டனை அழுத்தினால், நன்றி சொல்லிவிட்டுப் போய்விடும். எடுக்காவிட்டால் திரும்பத் திரும்ப வரும்.

ஹீன்பண்டாவை வாழ்நாளில் யாரும் மஹத்தயா என்று, ஐயா என்று கூப்பிட்டதில்லை. வயலுக்குள் இருந்தால் ‘அடோ’, ஒப்பீஸில் நின்றால் ‘ஏய்’. அதனால் அந்தக் குரலில் மனிதன் மயங்கிவிட்டான். விடிவதற்கு முன் எழும்பி முகம் கழுவி, பன்சலைக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையை மாட்டி, வாசலுக்கு நேரே கதிரையைப் போட்டு, போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் இதைச் சொல்லி அவனை வாட்டி எடுப்பார்கள். ஹீன்பண்டாவுக்கு இரண்டாம் தாரம் போனில் வருகிறது என்பார்கள். அவன் வெட்கப்பட்டுக்கொண்டே வடையையும், பொரித்த கருவாட்டையும் தின்பான். உப்புத் தொடவே கூடாது என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். வீட்டில் அவனுக்குத் தனிச் சட்டியில் உப்பில்லாமல் சமைத்துச் சமைத்துப் பெண்சாதி ரன்மெனிக்கேக்கு விரல் தேய்ந்ததுதான் மிச்சம்.

கச்சான் தொடங்குகிற நேரம் உடம்பெல்லாம் ஊதி, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், அங்கேயே செத்துப்போனான். குளிசையை ஒழுங்காகக் குடித்த மனிதனுக்கு இப்படி வந்துவிட்டதே என்றுதான் செத்த வீட்டில் எல்லாரும் சொன்னார்கள். பெரிய ஆஸ்பத்திரி வேறு, கிளினிக் வேறு. செத்த செய்தியை ஒருவரும் கிளினிக்குக்குச் சொல்லவில்லை. புதைத்த மறுநாள் விடிய, ரோட்டு நீளத்துக்குக் கட்டிய வெள்ளைக் கொடிகள் காற்றில் படபடத்துக்கொண்டிருக்க, போன் அடித்தது. ஹீன்பண்டா மஹத்தயா, ஆயுபோவன்.

அன்றிலிருந்து போனை எடுப்பது ரன்மெனிக்கே. ஏழாம் நாள் பிக்குமாருக்குத் தானம் கொடுத்து முடிந்த கையோடு அவள் என் கடைக்கு வந்து, கண் சரியாகத் தெரியவில்லை, எது ஒன்று என்று காட்டித் தரும்படி கேட்டாள். ஒன்றாம் பட்டனில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்துக் கொடுத்தேன். புருசனின் நினைவுக்கு வைத்திருக்கிறாள், பாவம் என்று நினைத்தேன். அடுத்த மாதமே அவளுடைய சட்டை தோளில் நிற்காமல் வழுகத் தொடங்கியது. எள்ளு அறுவடைக்காலம். மேட்டு நிலச் சேனையில் எள்ளுச் செடியைப் பிடுங்கி, கட்டுக் கட்டாக நிறுத்திக் காயவைத்து, பாயில் தட்ட வேண்டும். எப்போதும் அவளுக்கு ஈடுகொடுத்து இளந்தாரிகளாலும் தட்ட முடியாது. இந்த முறை ஒரு கட்டைத் தூக்கிவிட்டு நின்று மூச்சு வாங்கினாள். நிமிர்ந்தால் கண் இருட்டுகிறது என்றாள். ஊர் சும்மா இருக்குமா? செத்தவன் போனில் ஆசை வைத்துச் செத்திருக்கிறான், பேயாகி அதைச் சுற்றிக்கொண்டிருக்கிறான், இப்போது பெண்சாதியை இழுக்கிறான் என்று வாய்க்கு வாய் கதை போனது.

“இண்டைக்கு எள்ளுக் கட்டுக்கு நடுவில விழுந்து கிடந்தா நானா,” என்று ஜயதிலக்க சொன்னான். “தூக்கினா பாரமே இல்ல. எள்ளுக் கட்டு மாதிரித்தான் இருந்தா. ஆஸ்பத்திரிக்கு வாங்க எண்டா, மூணு மாசத் தானம் முடியட்டும் எண்டுறா. அது வரைக்கும் உயிரோட இருக்க மாட்டா, நானா. எனக்குத் தெரியும்.”

அவன் அழுதுவிடுவான் போலிருந்தது. வளர்ந்த ஆண், பக்கத்தில் லேண்ட்மாஸ்டர் துடிக்கிறது, முன்னால் இரண்டு சிரட்டை. பேயோட்டுகிற காட்டாடியைக் கூப்பிட்டுத் தேசிக்காய் வெட்டவா என்று கேட்டான். முதலில் போனை என்னிடம் விடு என்று சொல்லி, அவன் கண்ணுக்கு முன்னாலேயே மூடியைக் கழற்றி, பற்றரியை எடுத்து, சிம்மையும் எடுத்து, மூன்றையும் மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினேன். திறப்பை இடுப்பு வாரில் கோத்துக்கொண்டேன். சிரட்டைகளை அவன் எடுத்துப் போகவில்லை.

மறுநாள் போயா. நான் கடை திறக்கவில்லை. ஊரே பன்சலையில் இருக்கும்போது யாருக்கு ரீலோட் போடுவது? விடியப் புறத்தில் கடை முற்றத்துக்குத் தண்ணீர் தெளிக்க வந்தபோது, போயா விரதத்துக்குச் சில் எடுக்கப் போகிற பெண்கள் வெள்ளைச் சேலையில் வரிசையாகப் போவது தெரிந்தது. கடைசியில் ரன்மெனிக்கே. வேலிக் கம்புகளை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பிடித்து நடந்தாள். யாரோ கை கொடுக்கப் போனதற்கு வேண்டாம் என்று தலையாட்டினாள். காற்றில் சேலை பறந்தபோது உள்ளே ஒரு ஆள் இருப்பது போலவே தெரியவில்லை.

போயா கழிந்த மறுநாள் கடைக் கதவைத் திறக்கும்போதே வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

“போனத் தாங்க நானா,” என்றாள்.

“ஜயதிலக்க உடைக்கச் சொல்லிட்டுப் போனான் அக்கா.”

“உடைச்சிட்டீங்களா?”

அவள் கேட்ட விதத்தில் எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. லாச்சிக்குள் இருக்கிறது என்றேன். வாங்கில் உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தவள் வெகுநேரம் மூச்சு வாங்கினாள். தேத்தண்ணி வரவழைத்துக் கொடுத்தேன். அதைக் கையில் வைத்துச் சூடு பிடித்துக்கொண்டிருந்தாளே தவிரக் குடிக்கவில்லை. அந்த வெயிலில் அவளுக்குக் குளிர்ந்தது.

“அவர் உங்கட கடயத்தான் பாத்துக்கொண்டு இருக்கார்,” என்றாள்.

“யாரு?”

“நேத்து நான் சில் எடுக்க வெளிக்கிடக்க கதிர வழம போல வாசலப் பாத்து இருந்திச்சு. பின்னேரம் வந்து பாத்தா, ரோட்டுப் பக்கம் திரும்பி இருக்கு. உங்கட கடப் பக்கம்.”

மருமகள் திருப்பியிருப்பாள் என்றேன். மருமகள் பிள்ளையோடு தாய் வீட்டுக்குப் போய்விட்டாள், மகன் நெல்லு மில்லில், வீட்டில் ஒருவரும் இல்லை என்றாள். நாய் இடித்திருக்கும் என்றேன். நாயும் மகன் பின்னால் போய்விட்டதாம். அவள் பயந்ததாகத் தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வந்துவிட்டுப் போனதைச் சொல்கிற மாதிரித்தான் சொன்னாள். எனக்குத்தான் பிடரி மயிர் எழும்பியது. கடை வாசலில் நின்று பார்த்தால், வளைவுக்கு அப்பால் அந்த வீட்டு முன் விறாந்தை மங்கலாகத் தெரியும். நான் அந்தப் பக்கம் பார்க்காமலே லாச்சியைத் திறந்தேன்.

போனைக் கொடுக்கலாமா என்று யோசித்தேன்தான். ஆனால் அவள் இருந்த இருப்பில், கொடுக்காவிட்டால் என் கடை வாங்கிலேயே உயிர் போய்விடும் போலிருந்தது. சிம்மைப் போட்டு, பற்றரியைப் போட்டு, எழுப்பிக் கொடுத்தேன். சிவப்புப் பொட்டு வைத்த பட்டனை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“தானம் முடிஞ்சதும் நானே கொண்டுவந்து தாறன்,” என்றாள். “அதுக்குப் பிறகு வேணாம்.”

சனி, ஞாயிறு கழிந்து, நல்ல வெயில் ஏறின நேரம், ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. வெள்ளைச் சட்டை போட்ட இளம்பெண், தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டே, “நானா, ஹீன்பண்டா மஹத்தயாட வீடு எந்தப் பக்கம்?” என்று கேட்டாள்.

எனக்குக் கையிலிருந்த சார்ஜர் விழுந்துவிட்டது. அந்தக் குரல். இந்த ஊரில் எத்தனை போனில், எத்தனை விடியலில், எத்தனை பேருடைய பெயரைச் சொல்லிக் கேட்ட குரல். அது ஒரு வாயிலிருந்து, வியர்த்த முகத்திலிருந்து, என் கடை வாசலில் வைத்து, செத்தவன் பெயரைச் சொல்லி வழி கேட்கிறது. யா அல்லா என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

அவள் சிரித்தாள். எல்லாரும் இப்படித்தான் திடுக்கிடுகிறார்கள் என்றாள். கிளினிக் மிஸி, நர்ஸ். பெயர் சமன்மலி. வருத்தக்காரர் எல்லாருடைய பெயரையும் ஒரு அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு அவள்தான் பேசிப் பதிந்தாளாம். எல்லாரும் ஒன்றைத்தான் அழுத்துவார்களாம். யாராவது இரண்டை அழுத்தினால் வீட்டுக்கே போய்ப் பார்க்க வேண்டும் என்பது சட்டமாம்.

“ஹீன்பண்டா மஹத்தயா ஒரு நாளும் ரெண்டு அழுத்தாத ஆள்,” என்றாள். “இப்ப அழுத்தியிருக்கார். அதுதான் எனக்குப் பயமாப் போச்சு. லீவு முடிஞ்ச உடனே ஓடி வந்தன்.”

அவர் செத்து இரண்டு மாதத்துக்கு மேல் என்று சொன்னேன். அவள் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்றது. இருக்க முடியாது, ஒவ்வொரு நாளும் பதில் வருகிறது என்றாள். பெண்சாதிதான் அழுத்துகிறாள் என்றேன். ஏதோ ஒரு நாள் கை தவறி இரண்டை அழுத்தியிருப்பாள் என்று நான் நினைத்துக்கொண்டேன். ரன்மெனிக்கே இருக்கிற நிலைமையைச் சொன்னதும் மிஸி திரும்பிப் போகிற எண்ணத்தை விட்டுவிட்டாள். அந்த ஆளையாவது பார்த்துவிட்டுப் போகிறேன் என்றாள். கடைக் கதவை இழுத்துவிட்டு, நான் சைக்கிளில் முன்னால் போனேன்.

ரன்மெனிக்கே முன் விறாந்தையில் பாயில் கிடந்தாள். பக்கத்தில் ஜயதிலக்க குந்தியிருந்தான். காலையிலிருந்து எழும்பவில்லை என்றான். வாசலில் அந்தக் கதிரை. அது எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று நான் பார்க்கவில்லை. ஆணியில் வெள்ளைச் சட்டை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

“ஹீன்பண்டா மஹத்தயாட வீடு இதுதானா?” என்று மிஸி கேட்டாள். சும்மா, வந்தவர்கள் கேட்கிற மாதிரித்தான் கேட்டாள்.

பாயில் கிடந்தவள் படாரென்று எழும்பி உட்கார்ந்தாள். கண் திறக்கவில்லை. கை மட்டும் இடுப்பைத் தடவி, போனை எடுத்து, பெருவிரலால் சிவப்புப் பொட்டைத் தேடி அழுத்தியது. திரும்பவும் அழுத்தியது.

“குடிச்சிட்டன்,” என்றாள். “இண்டைக்கும் குடிச்சிட்டன்.”

மிஸி வாயைப் பொத்திக்கொண்டாள். ஜயதிலக்க என்னைப் பார்த்தான்.

பிறகு மிஸி முழங்காலில் குந்தி, பையிலிருந்து கருவியை எடுத்து, ரன்மெனிக்கேயின் கையில் பட்டியைச் சுற்றிப் பிரஷர் பார்த்தாள். மிகக் குறைந்து கிடந்ததை நம்பாமல் மற்றக் கையிலும் பார்த்தாள். லேண்ட்மாஸ்டரைத் தயார்ப்படுத்து, பின் பெட்டியில் வைக்கோல் போட்டுப் பாய் விரி, இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று ஜயதிலக்கவிடம் சொன்னாள். அவன் ஓடினான். என்ன குளிசை குடிக்கிறீர்கள் என்று மிஸி கேட்டதற்கு, ரன்மெனிக்கே கதிரைக்கு அடியில் கையைக் காட்டினாள். அங்கே ஒரு பால்மாப் பேணி இருந்தது. நான் எடுத்து மூடியைத் திறந்தேன். பாதிக்கு மேல் குளிசை. வெள்ளை, மஞ்சள், மண்ணிறம். எல்லாம் பிரஷர் குளிசையும் சிறுநீர் போகிற குளிசையும் என்று மிஸி சொன்னாள்.

“இது யாருடது, அம்மா?”

“அவருடது,” என்றாள் ரன்மெனிக்கே. “செத்த பிறகு நெல்லுப் பெட்டிக்க இருந்து எடுத்தன். நிறைய இருந்திச்சு.”

சொல்லச் சொல்லத்தான் எனக்கு விளங்கியது. ஹீன்பண்டா குளிசையே குடிக்கவில்லை. குடித்தால் வயலுக்குள் நிற்க முடியாமல் ஓட வேண்டியிருக்கிறது, தலை சுற்றுகிறது என்று ஒவ்வொரு நாளும் நெல்லுப் பெட்டிக்குள் இருந்த பேணியில் போட்டுவிட்டு, வெள்ளைச் சட்டையோடு கதிரையில் உட்கார்ந்து ஒன்றை அழுத்தியிருக்கிறான். குடித்தேன் என்று சொன்னால் அந்தப் பெண் நன்றி சொல்லுவாள். அதற்காகத்தான்.

“போயாவுக்குப் போயா பன்சில் எடுத்த மனுசன், மிஸி,” என்றாள் ரன்மெனிக்கே. “பொய் சொல்ல மாட்டன் எண்டு ஹாமுதுருவுக்கு முன்னால கை கூப்பிச் சொல்லிட்டு, விடிஞ்சா உங்களுக்குப் பொய் சொல்லியிருக்கார். ஒண்டு ரெண்டு பொய்யா? அவ்வளவு பொய்யக் கட்டிக்கொண்டு அவர் எங்க போறது? அதுதான் இந்த வாசல விட்டுப் போக ஏலாம இருக்கார். நாங்க தானம் குடுத்து என்ன, பிரித் ஓதி என்ன? பொய்ய ஆராவது உண்மையாக்க வேணும்தானே.”

அதனால் அவள் குடித்தாள். விடியக் காலையில் குரல் வந்து குடித்தாயா என்று கேட்கும்போது, அவனுடைய பேணியிலிருந்து அவனுடைய குளிசையை எடுத்து விழுங்கிவிட்டு, அவன் பெயரில் ஒன்றை அழுத்தினாள். அவன் தேத்தண்ணிக் கடையில் களவாகத் தின்ற கருவாட்டுக்கு ஈடாக, அவளும் உப்பைத் தொடவில்லை. மூன்று மாதத் தானத்துக்குள் பேணியை முடித்துவிட வேண்டும், அதற்குப் பிறகு அவன் போகலாம், தனக்கு என்ன நடந்தாலும் பரவாயில்லை என்று கணக்குப் போட்டிருந்தாள். ஹாமுதுருவிடம் இதைக் கேட்டீர்களா என்று நான் கேட்டேன். புருசன் பொய்யன் என்று நான் எப்படிப் போய்ச் சொல்வது என்றாள். கொஞ்சம் கோபத்தோடுதான் சொன்னாள்.

மிஸி அழுதுகொண்டிருந்தாள். கிளினிக்கில் எத்தனை பேர் இப்படிப் பேணி வைத்திருக்கிறார்களோ என்று நினைத்தாளோ என்னவோ. கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

“நீங்க ரெண்ட அழுத்தினது நல்லதாப் போச்சு அம்மா. இல்லாட்டி நான் வந்திருக்க மாட்டன். அண்டைக்கு ஏன் குடிக்கல்ல?”

“நான் ரெண்டு அழுத்தினதே இல்ல.”

“போயா அண்டைக்கு விடிய, அம்மா. குடிக்கல்ல எண்டு பதில் வந்திச்சே.”

“போயா அண்டைக்கு நான் சில். விடிய முந்தியே பன்சலைக்குப் போயிட்டன்,” என்றாள் ரன்மெனிக்கே. “போன் என்னட்ட இருக்கல்ல. நானாட கடையில இருந்திச்சு.”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். லேண்ட்மாஸ்டரை முற்றத்துக்கு எடுத்த ஜயதிலக்கவும் கையில் வைக்கோலோடு நின்று பார்த்தான். லாச்சியைப் பூட்டினது எனக்குத் தெரியும். திறப்பு என் இடுப்பில் இருந்தது தெரியும். சிம் ஒரு மூலையில், பற்றரி ஒரு மூலையில். நான் விற்கிற சாமான், அதன் நெளிவு சுளிவு எல்லாம் தெரிந்தவன். நிப்பாட்டின போன் எழும்பும். பற்றரி இல்லாத போன் எழும்பாது.

“பற்றரியக் கழட்டித்தான் வச்சிருந்தன்,” என்றேன். “சிம்மும் உள்ளுக்க இல்ல. கம்பியூட்டர்ல ஏதும் பிழையா இருக்கும், மிஸி.”

ரன்மெனிக்கே ஆணியில் தொங்கிய சட்டையைப் பார்த்தாள். செத்த வீட்டில்கூட அவள் அழுததை நான் பார்த்ததில்லை. இப்போது அவள் முகம் கோணி, வாய் திறந்து, ஒரு குழந்தை மாதிரி அழத் தொடங்கினாள்.

“உயிரோட இருக்கக்க ஒரு நாளும் ரெண்டு அழுத்தாதவர்,” என்றாள். “செத்த பிறகு ஒருக்கா உண்ம சொல்லியிருக்கார்.”

எனக்கு உடம்பெல்லாம் விறைத்துப்போயிருந்தது. ஆனால் பயம் என்று சொல்ல முடியாது. அந்த மனிதன் தேத்தண்ணிக் கடையில் வெட்கப்பட்டுச் சிரிக்கிற முகம்தான் திரும்பத் திரும்ப வந்தது.

நானும் ஜயதிலக்கவும் அவளைத் தூக்கப் போனபோது அவள் கையைத் தட்டிவிட்டாள். மிஸியின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீங்க சொன்னாத்தான் அவர் கேப்பார்,” என்றாள். “போகச் சொல்லுங்க.”

மிஸி என்னைப் பார்த்தாள். அவள் எழும்பி, சட்டையை இழுத்துச் சரிசெய்து, வாசல் கதிரைக்கு நேரே போய் நின்றாள். தொண்டையைச் செருமினாள். அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பேசிப் பதிந்த அந்தக் குரல், அந்த மரியாதை, அந்த நிறுத்தம், ஒன்றும் மாறவில்லை.

“ஹீன்பண்டா மஹத்தயா, ஆயுபோவன். உங்கள் பதில் கிடைத்தது. இன்றிலிருந்து நீங்கள் குளிசை குடிக்கத் தேவையில்லை. உங்களுக்கு இனி அழைப்பு வராது. நன்றி.”

சொல்லிவிட்டு வழக்கம்போலக் கொஞ்சம் பொறுத்திருந்தாள். நாங்களும் பொறுத்திருந்தோம். போன் ரன்மெனிக்கேயின் மடியில் கிடந்தது. சிவப்புப் பொட்டை யாரும் அழுத்தவில்லை. முற்றத்தில் லேண்ட்மாஸ்டர் மட்டும் துடித்துக்கொண்டிருந்தது.

ரன்மெனிக்கே காது கொடுத்துக் கேட்டுக்கொண்டேயிருந்தாள். பிறகு மெல்ல மூச்சை விட்டு, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்து, மகனைப் பார்த்தாள்.

“கொஞ்சம் கஞ்சித் தண்ணி கொண்டு வா,” என்றாள். “உப்புப் போட்டு.”